மூடிய அறைக்குள் கணப்பு: குளிர்காயும் தீயில் ஏற்படும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் முறைகளும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் சமவெளியில் வாழ்வோருக்கு வீட்டைச் சூடாக்கும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. கல்வராயன் மலையில் நிலைமை வேறு. சின்னக் கல்வராயன் பகுதி ஏறத்தாழ 2,700 அடி உயரத்திலும் பெரிய கல்வராயன் பகுதி ஏறத்தாழ 4,000 அடி உயரத்திலும் அமைந்துள்ளன. மார்கழி, தை மாதங்களில் இரவுக்குளிரைத் தாங்க மலைவாழ் மக்கள் விறகுத்தீயையும் கணப்புச் சட்டியையும் நம்பியிருக்கின்றனர். அண்மைக் காலமாகச் சில வீடுகளிலும் விடுதிகளிலும் மின்சார ஹீட்டரும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. இவற்றில் வழக்கமாக ஏற்படும் கோளாறுகள் எவை, அவற்றை வீட்டிலேயே எவ்வாறு சரிசெய்யலாம், எப்போது மருத்துவ உதவியை நாடவேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது. சுற்றுலாவாக மலைக்கு வந்து தங்குவோரும் இதனைப் படித்தறிதல் நலம்.

ஒன்றை மட்டும் படிக்க நேரமிருப்பின் இதனைப் படியுங்கள்: உறங்கச் செல்லும் முன் கணப்புச் சட்டியை வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். தணல் மேல் சாம்பல் படிந்து அணைந்ததுபோல் தோன்றினாலும் வெளியே வைக்க வேண்டும்.

புகை இல்லாத தணல் ஏன் ஆபத்தானது?

புகை சூழ்ந்த அறையில் எவரும் நெடுநேரம் இருப்பதில்லை. கண் எரியும், இருமல் வரும், கதவைத் திறந்துகொண்டு வெளியேறுவோம். விறகு எரிந்து முடிந்து கங்காகச் சிவந்த பிறகு புகை நின்றுவிடுகிறது. வெப்பம் மட்டும் இதமாக வருகிறது. அப்போதுதான் சட்டியை அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்துகின்றனர். மரக்கரியிலோ தொடக்கத்திலிருந்தே புகை மிகக் குறைவு. ஆனால் கரியும் கங்கும் போதிய காற்று கிடைக்காமல் கனலும்போது கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு மிகுதியாக உண்டாகிறது. சட்டியின் அடியில் எரியும் கரியிலிருந்து எழும் வாயு, மேலே சிவந்திருக்கும் கரி அடுக்கின் வழியே வரும்போதும் இந்நச்சு வாயுவாக மாறுகிறது. மூடிய அறையில் நேரம் செல்லச் செல்லக் காற்றிலுள்ள ஆக்சிஜன் குறைவதால், கார்பன் மோனாக்சைடு உண்டாகும் அளவு மேலும் கூடுகிறது.

இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணையோ தொண்டையையோ உறுத்துவதும் இல்லை. மூச்சுடன் உள்ளே சென்றதும் இரத்தச் சிவப்பணுக்களிலுள்ள ஹீமோகுளோபினுடன் இணைகிறது. ஆக்சிஜனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட ஈர்ப்புடன் அது பற்றிக்கொள்வதால், காற்றில் சிறிதளவே இருந்தாலும் இரத்தத்தில் ஆக்சிஜனுக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. மூளையும் இதயமும் முதலில் பாதிக்கப்படுகின்றன. விழித்திருப்பவருக்குத் தலைவலியாவது தோன்றி எச்சரிக்கும். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாமலே உறக்கம் மயக்கமாக ஆழ்ந்துவிடும். மது அருந்தி உறங்குவோரின் நிலை இன்னும் மோசமானது.

2020 ஜனவரியில் நேபாளத்தின் தாமன் என்னும் மலைத்தலத்துக்குக் கேரளத்திலிருந்து சுற்றுலா சென்ற குழுவில் 8 பேர், ஒரே அறையில் எரிவாயு ஹீட்டரை எரியவிட்டு உறங்கி உயிரிழந்தனர். அவர்களுள் 4 பேர் குழந்தைகள். அதே விடுதியில் வேறு அறையில் படுத்திருந்த உடன்வந்தோர் பிழைத்தனர். 2024-ஆம் ஆண்டு கொடைக்கானலில் தங்கியிருந்த திருச்சி இளைஞர்கள் இருவர், இறைச்சி சுட்ட கரி அடுப்பு அறைக்குள் இருந்த நிலையில் உறங்கி இறந்தனர். குளிருக்குப் பழக்கமில்லாத சமவெளி மக்கள், ஒருநாள் குளிரைத் தாங்கக் கதவு சன்னல்களை இறுக அடைத்துக்கொள்வது இரண்டிலும் பொருந்தி வருகிறது. கரியாலூர், வெள்ளிமலைப் பகுதிகளில் தங்க வருவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். இறைச்சி சுட்ட அடுப்பில் தணல் மிஞ்சினால் அதனை அறைக்குள் எடுத்துச் செல்லுதல் அறவே கூடாது.

“எங்கள் பாட்டன் காலத்திலிருந்து இப்படித்தான் படுக்கிறோம்”

மலையூர்களில் இதனைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கிடைக்கும் மறுமொழி இது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. புல் வேய்ந்த பழைய கூரை வீட்டில் காற்று கூரையின் இடுக்குகள் வழியே ஓயாமல் உள்ளும் புறமும் சென்றுகொண்டிருந்தது. புகையால் கண்ணும் நுரையீரலும் நாளடைவில் கெட்டன எனினும், ஒரே இரவில் உயிர் போகும் அளவுக்கு வாயு தேங்குவது அங்கே அரிது. இன்று அவ்வீடுகள் பலவற்றின் இடத்தில் கான்கிரீட் தளமும் இரும்புக் கதவும் கண்ணாடிச் சன்னலும் கொண்ட சிறிய வீடுகள் எழுந்துள்ளன. மழைக்காக இவை பாதுகாப்பானவை. ஆனால் கதவைச் சாத்திவிட்டால் காற்று வெளியேற வழியில்லை. கூரை வீடாகவே இருப்பினும், மழை ஒழுகாமலிருக்க மேலே தார்ப்பாயைப் போர்த்தியிருந்தால் நிலைமை அதுவே. பாட்டன் வைத்த அதே சட்டியை இந்த அறைக்குள் வைப்பது அதே செயல் ஆகாது.

வேறு சில நம்பிக்கைகளும் உண்டு. புகை மேலே செல்லும், தரையில் படுத்தால் ஒன்றும் செய்யாது என்கின்றனர். கார்பன் மோனாக்சைடு காற்றின் எடைக்கு மிக நெருங்கிய எடை உடையது. அறை முழுவதும் கலந்து பரவும். தரை, கட்டில், பரண் என எவ்விடமும் விலக்கில்லை. அறையில் ஒரு பாத்திரம் தண்ணீர் வைத்தால் வாயு அதில் கரைந்துவிடும் என்பதும் தவறு. இவ்வாயு நீரில் கரைவது மிகமிகக் குறைவு. முகத்தில் ஈரத்துணி கட்டுவதும் பயன் தராது. ஒரு சன்னலைச் சிறிது திறந்துவைப்பது ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. விழித்திருந்து குளிர்காயும்போது எதிரெதிரே இரு திறப்புகள் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உறங்கும் நேரத்துக்கு எந்த அளவுத் திறப்பையும் போதுமானதென்று நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தணலை வெளியேற்றும்போது அறைக்குள்ளேயே தண்ணீர் ஊற்றாதீர்கள். சூடான நீராவியும் சாம்பலும் மேலெழுந்து முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும். சட்டியை இடுக்கியாலோ தடித்த துணியாலோ பிடித்து, கூரையிலிருந்தும் வைக்கோற்போரிலிருந்தும் தள்ளி வெட்டவெளியில் வைத்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் தெளித்து அணையுங்கள். காலையில் மீண்டும் பற்றவைக்க உதவும் என்று சாம்பலால் மூடி உள்ளேயே வைப்பது மிகவும் தவறு. நீறு பூத்த நெருப்பு விடியும்வரை கனன்றுகொண்டும் வாயுவை வெளியிட்டுக்கொண்டும் இருக்கும்.

உணவு நஞ்சானது என்று எண்ணச் செய்யும் அறிகுறிகள்

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், வாந்தி, உடற்சோர்வு, கால்கள் தளர்தல், மனக்குழப்பம் ஆகியவை தொடக்க அறிகுறிகள். அடுத்து நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வலிப்பு, மயக்கம் ஏற்படலாம். ஒரே வீட்டில் பலருக்கு வாந்தி என்றதும் முந்தைய நாள் உணவையே அனைவரும் குறை கூறுவர். மருத்துவரும் அவ்வாறே கருதிவிட வாய்ப்புண்டு. ஆகவே குளிர்காலக் காலைகளில் ஒரு குடும்பமே தலைவலியுடனும் வாந்தியுடனும் வந்தால், என்ன சாப்பிட்டீர்கள் என்பதற்கு முன் இரவு வீட்டுக்குள் தீ இருந்ததா என்று கேட்பது என் வழக்கம். காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் இல்லை, வெளியே வந்து சிறிது நேரத்தில் தலைவலி குறைகிறது, மறுநாள் காலையில் மீண்டும் வருகிறது, வீட்டிலிருக்கும் நாயோ கோழியோகூடச் சோர்ந்து கிடக்கிறது என்றால் ஐயம் வலுக்கிறது. மருத்துவர் கேட்காவிட்டாலும் தீ இருந்த செய்தியை நீங்களே கூறிவிடுங்கள்.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரைக் கோவிட் காலத்தில் பலர் வாங்கி வைத்துள்ளனர். இந்நச்சுத்தன்மையில் அதனை நம்பலாகாது. கார்பன் மோனாக்சைடு பற்றிய இரத்தத்தையும் ஆக்சிஜன் உள்ள இரத்தத்தையும் அக்கருவியால் வேறுபடுத்தி அறிய இயலாது. உயிருக்குப் போராடும் ஒருவருக்கு 98 என்று காட்டக்கூடும்.

மயங்கிக் கிடப்பவரைக் கண்டால்

உள்ளே பாயும் முன் வெளியே நின்று நன்றாக மூச்சை இழுத்துக்கொள்ளுங்கள். கதவையும் சன்னலையும் அகலத் திறந்து, கிடப்பவரைத் திறந்தவெளிக்கு இழுத்து வாருங்கள். சட்டியை அப்புறப்படுத்துவது அதற்குப் பிறகுதான். காப்பாற்றச் சென்றவரே உள்ளே மயங்கி விழுவதைத் தவிர்க்க, ஒருவர் வெளியே நின்று கவனிக்கட்டும். உடனே 108-ஐ அழையுங்கள். “மூடிய அறையில் கரித்தீ” என்னும் சொற்களைத் தவறாமல் கூறுங்கள்.

மூச்சு இருந்து நினைவில்லையெனில் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாந்தி மூச்சுக்குழாய்க்குள் செல்லாது. வாயில் தண்ணீரோ மோரோ காபியோ ஊற்றக் கூடாது. மூச்சு இல்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருங்கள்.

மலைக்கு மேலுள்ள ஊர்களுக்கு ஒரு சிறப்புக் குறிப்பு. இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடு சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் பாதியாகக் குறைய 4 முதல் 6 மணி நேரம் ஆகும். முகமூடி வழியே முழு அளவில் ஆக்சிஜன் அளித்தால் ஏறத்தாழ 1 முதல் 1½ மணி நேரத்தில் பாதியாகிவிடும். எனவே கீழே கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்வதே முடிவென்றாலும், வழியில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலோ 108 ஊர்தியிலோ ஆக்சிஜன் தொடங்கியபின் மலையிறங்குவது மேல். சொந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே இறங்கினால் கொண்டை ஊசி வளைவுகளில் கழியும் நேரம் முழுவதும் சிகிச்சையற்ற நேரமாகிவிடும்.

அதே அறையில் படுத்திருந்த அனைவரும் பரிசோதனைக்கு வரவேண்டும். எழுந்து நடமாடுகிறார் என்பதற்காகக் கருவுற்ற பெண்ணை வீட்டில் விட்டுவராதீர்கள். கருவிலுள்ள குழந்தையின் இரத்தத்தில் இவ்வாயு தாயின் இரத்தத்தைவிட மிகுதியாகச் சேர்ந்து, மெதுவாகவே வெளியேறுகிறது. தாய்க்குத் தலைவலி நின்றபின்னும் அவருக்கு ஆக்சிஜன் தொடரப்படுவது இதனால்தான்.

புகை வெளியேறாமல் வீட்டுக்குள் திரும்பினால்

கோளாறுகளில் மிகப் பொதுவானது இதுவே. உடனடியாக உயிரைப் பறிக்காததால் இதனை எவரும் பொருட்படுத்துவதில்லை. விறகு முதலியவற்றின் வீட்டுப்புகையால் உலகில் ஆண்டுக்கு 32 லட்சம் பேர் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டுக்கு மதிப்பிட்டுள்ளது. குழந்தைகளுக்கு நிமோனியா, புகைபிடித்தே அறியாத பெண்களுக்கு நாட்பட்ட மூச்சடைப்பு நோய், முதியோருக்குக் கண்புரை ஆகியவை இதனால் மிகுகின்றன.

முதலில் விறகைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த விறகு மார்கழியில் வெளியே உலர்ந்ததுபோலிருந்தாலும் உள்ளே ஈரத்துடன் இருக்கும். இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டினால் உலர்ந்தவை கணீரென ஒலிக்கும்; ஈரமானவை மந்தமாக ஒலிக்கும். புரட்டாசிக்குள் விறகைப் பிளந்து, தரையில் படாமல் கற்களின் மேல் அடுக்கி, மழைச்சாரல் படாத இடத்தில் வைத்தால் குளிர்காலப் புகையில் பெரும்பகுதி குறைந்துவிடும். பருமனான கட்டைகளைத் திணிக்காமல் சிறியனவாகப் பிளந்து, இடையே காற்றுப் புகும்படி வைத்து எரியுங்கள். தீ பற்றவைக்க மிதிவண்டி டயர்த் துண்டும் பிளாஸ்டிக் பையும் பயன்படுத்தும் வழக்கத்தைக் கைவிட வேண்டும்; அப்புகை விறகுப் புகையைவிடக் கொடியது. கனன்றுகொண்டிருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுதல் தீக்காயத்துக்கு நேர்வழி.

விறகு உலர்ந்திருந்தும் புகை திரும்பினால் புகைபோக்கியை ஆராயுங்கள். கரி படிந்து அடைத்திருக்கலாம். குளவியோ பறவையோ கூடு கட்டியிருக்கலாம். தீ முழுவதும் அணைந்த பகலில், நீண்ட மூங்கில் நுனியில் கந்தல் கட்டி மேலிருந்து துடைத்து எடுக்கலாம். குளிர்காலத்தில் மாதம் ஒருமுறை இது தேவை. காற்றடிக்கும் நாள்களில் மட்டும் புகை திரும்பினால் குழாயின் உயரம் போதவில்லை என்று பொருள். அது கூரையின் உச்சியைவிட இரண்டடியாவது உயர்ந்து, மேலே மழைமூடியுடன் இருக்க வேண்டும். புல்கூரையைத் துளைத்துச் செல்லும் இடத்தில் குழாய் கூரையைத் தொடலாகாது. சுற்றிலும் இடைவெளி விட்டுத் தகடு பொருத்த வேண்டும். புகைபோக்கி நன்றாக இழுக்கிறதா என்பதை அடுப்பு வாயில் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்துப் பிடித்தால் அறியலாம். குச்சியின் புகை உள்ளே இழுக்கப்பட வேண்டும். உங்கள் முகத்தை நோக்கி வந்தால் தடை இருக்கிறது.

பச்சிளங் குழந்தையும் பிள்ளை பெற்ற தாயும் உள்ள வீடு

கணப்பு மிகுதியாக வைக்கப்படுவதும், அறை மிக இறுக்கமாக அடைக்கப்படுவதும் இவ்வீடுகளில்தான். குழந்தைக்குக் குளிர் ஆகாது என்பது முற்றிலும் சரியான அக்கறை. பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். எடை குறைந்த குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும். ஆனால் அதற்குத் தேவையான வெப்பம் தாயின் உடலிலேயே உள்ளது. குழந்தைக்குக் குல்லாய், காலுறை, இடுப்புத்துணி மட்டும் அணிவித்து, தாயின் மார்புகளுக்கிடையே தோலோடு தோல் ஒட்டுமாறு வைத்து, மேலே போர்வையால் சுற்றிக்கொள்ளும் கங்காரு முறையைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். தாய் ஓய்வெடுக்கும்போது தந்தையோ பாட்டியோ இதனைச் செய்யலாம். தந்தையர் முதல்முறை கூச்சப்படுவர். இரண்டாம் நாள் முதல் கேட்டு வாங்கிக்கொள்வர்.

குழந்தைக்குக் குளிர்கிறதா என்பதைப் புறங்கையால் வயிற்றையும் பாதத்தையும் தொட்டு அறியலாம். இரண்டும் இதமாக இருந்தால் நலம். வயிறு இதமாகவும் பாதம் குளிர்ந்தும் இருந்தால் குழந்தை குளிரை எதிர்த்துப் போராடத் தொடங்கிவிட்டது. உடனே மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் குளிர்ந்திருந்தால், அல்லது குழந்தை பால் குடிக்க மறுத்தால், அணைத்தபடியே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். பிறந்து 24 மணி நேரம் கழியும்முன் குளிப்பாட்ட வேண்டாம். குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கத்தைக் குழந்தையின் நுரையீரலுக்காக விட்டுவிடுங்கள். வெந்நீர்ப் புட்டியால் படுக்கையைச் சூடாக்கலாம். குழந்தையைக் கிடத்தும் முன் அதை எடுத்துவிட வேண்டும்.

மற்றவர்களுக்கும் எளிய மாற்று உண்டு. உறங்கும் முன் கதவு திறந்திருக்க ஒரு மணி நேரம் அறையில் தணல் வைத்து, சுவரும் தரையும் சூடேறியபின் வெளியே எடுத்துவிடலாம். பாயின் கீழ் வைக்கோலோ சாக்கோ பரப்பினால் தரையின் குளிர் ஏறாது. தலையையும் பாதங்களையும் மூடிக்கொள்வது, ஒரு தடித்த போர்வைக்குப் பதிலாக இரண்டு மெல்லியவற்றை அடுக்கிப் போர்த்துவது ஆகியவை நன்கு பயன் தரும்.

மின்சார ஹீட்டரும் கேஸ் கீசரும்

மின்சார ஹீட்டரில் கார்பன் மோனாக்சைடு அச்சம் இல்லை. தீயும் மின் அதிர்ச்சியும்தான் ஆபத்து. 2,000 வாட் ஹீட்டரை 5 ஆம்பியர் பிளக்கில் செருகினால் அந்த இணைப்பு தாங்காது. 15 அல்லது 16 ஆம்பியர் இணைப்பு தேவை. நீட்டிப்புப் பலகை வழியே இயக்கக் கூடாது. பிளக் சூடாகிறது, கருகிய மணம் வருகிறது, அடிக்கடி ஃப்யூஸ் போகிறது என்றால் தடித்த கம்பி போட்டு ஃப்யூஸைக் கட்டாமல் மின்பணியாளரை அழையுங்கள். ஹீட்டரின் மேல் ஈரத்துணி உலர்த்தாதீர்கள். வாளித் தண்ணீரில் போடும் ஹீட்டர் ராடை, சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே தொட வேண்டும். 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் பொருத்துவது நன்று. கேஸ் கீசரைக் குளியலறைக்கு உள்ளே பொருத்தக் கூடாது. எரியும் கருவி வெளியே இருக்க, வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரவேண்டும்.

தீக்காயம் பட்டால்

ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். குழாய் இல்லாத வீட்டில் குடத்து நீரைத் தொடர்ந்து ஊற்றுங்கள். வளையல், மோதிரம், அரைஞாண் போன்றவற்றை வீக்கம் தொடங்கும் முன் கழற்றிவிடுங்கள். பேனா மை, பற்பசை, இட்லி மாவு, மஞ்சள் எதையும் பூசாதீர்கள். காயத்தின் ஆழத்தை அறிய அவற்றைச் சுரண்டி எடுக்கும்போது குழந்தைகள் படும் வேதனை பெரிது. கொப்புளத்தை உடைக்காமல் சுத்தமான துணியால் தளர்வாக மூடி அழைத்து வாருங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் பட்ட காயம் சிறிதாயினும் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின்

கார்பன் மோனாக்சைடு பாதிப்பிலிருந்து தேறியவருக்கு, சில நாள்கள் முதல் சில வாரங்கள் கழித்துப் புதிய தொல்லைகள் தோன்றக்கூடும். மறதி, பேச்சில் தடுமாற்றம், நடையில் தள்ளாட்டம், கைநடுக்கம், காரணமற்ற சினம் அல்லது பேசாமை, சிறுநீர் கட்டுப்பாடின்மை ஆகியவை அவற்றுள் சில. மயக்கம் தெளிந்து நன்றாக இருந்தவர் இப்படி மாறும்போது, பயந்த கோளாறு என்றோ மனநோய் என்றோ எண்ணி வேறிடங்களுக்கு அழைத்துச் சென்று நாள் கடத்திவிடுகின்றனர். முதல் 6 வாரங்கள் வரை வீட்டார் இவற்றைக் கவனித்துவர வேண்டும். எதுவேனும் தென்பட்டால் வெளியேற்றச் சீட்டை எடுத்துக்கொண்டு, முன்பு சிகிச்சை பெற்ற மருத்துவமனைக்கே திரும்ப வாருங்கள். ஐயங்களுக்கு 104 என்னும் எண்ணை அழைக்கலாம்.